கிணறும் சமூகமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர்ச் சிக்கனம் பற்றிய ஒரு நோக்கு

1

நீர்ச் சிக்கனம் நம்மிடையே பெரும்பாலும் ஓர் ஒழுக்கப் போதனையாகவே பேசப்பட்டு வருகின்றது. பாடசாலைச் சுவர்களிலும் திணைக்களங்களின் துண்டுப் பிரசுரங்களிலும் சரியாகப் பூட்டப்படாத குழாயொன்றும் அதிலிருந்து சொட்டும் துளிகளும் வரையப்பட்டிருக்கும். பார்ப்பவர் தமது மனச்சாட்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. அப்போதனை பொய்யன்று. ஆயின் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒரு சிறு கணக்கினாலேயே அறிந்துகொள்ளலாம். வினாடிக்கு ஒரு துளி வீதம் கசியும் குழாய் ஒரு நாளில் இழப்பது ஏறத்தாழ 4 லீற்றர். கால் ஏக்கர் வெங்காயத் தறைக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு தடவை நீர் பாய்ச்சுவதற்கு வேண்டியது ஏறத்தாழ 25,000 லீற்றர். ஐந்து பேர் கொண்ட குடும்பமொன்று குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு 10 லீற்றர் வீதம் ஓராண்டு முழுவதும் எடுப்பது 18,250 லீற்றர் மாத்திரமே. ஆகவே ‘வீணாக்காதீர்’ என்னும் ஒரே சொல்லை வீட்டுக் குழாயையும் தோட்டத்து இயந்திரத்தையும் நோக்கி ஒரே தொனியிற் கூறுவது, நீரின் கதையைச் சொல்லாமல் விடுவதற்கான ஒரு வழியாகிவிடுகின்றது.

எவர் சிக்கனஞ் செய்வது, எவருடைய நீரில், எந்த விதியின்படி என்பனவே உண்மையில் எழுப்பப்பட வேண்டிய வினாக்கள். இவை சமூக உறவுகள் பற்றிய வினாக்கள். இலக்கிய மாணாக்கராகிய நாம் இவ்விடயத்தில் ஏன் தலையிடுகின்றோம் என்று கேட்கப்படலாம். ஈழத்துத் தமிழ்ப் புனைகதையில் ‘தண்ணீர்’ என்னும் சொல் ஒரு வர்க்கப் பொருளையும் ஒரு சாதிப் பொருளையும் தாங்கி நிற்பதை அறிந்தவர்க்கு அக்கேள்வி எழாது.

கார்ல் மார்க்ஸ் 1853 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ‘நியூயோர்க் டெய்லி திரிபியூன்’ இதழில் இந்தியா பற்றி எழுதியபோது இவ்வினாவின் விளிம்பைத் தொட்டுச் சென்றார். நீரைச் சிக்கனமாகவும் பொதுவாகவும் பயன்படுத்த வேண்டிய தேவை ஐரோப்பாவின் சில பகுதிகளில் தனியாரைத் தாமாகவே கூட்டுச் சேரச் செய்தது என்றும், கிழக்கிலோ அது மத்திய அரசின் தலையீட்டை வேண்டி நின்றது என்றும் அவர் கருதினார். சிக்கனமும் பொதுமையும் அங்கு ஒன்றாகவே வைத்துப் பேசப்பட்டமை கவனிக்கத்தக்கது. ஒரு நூற்றாண்டின் பின்னர் விற்போகல் (1957) அக்கருத்தை நீட்டி, பெருநீர்ப்பாசனமே கீழைத்தேயக் கொடுங்கோன்மையின் தாய் என்று வாதிட்டார். இலங்கையின் உலர் வலயக் குளங்களை ஆராய்ந்த எட்மண்ட் லீச் 1959 இல் அதனை மறுத்தெழுதினார். அவ்வாதத்துள் நாம் இங்கு நுழையவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வாதத்தில் ஈடுபட்டோர் அனைவரும் ஆற்றையும் குளத்தையும் கால்வாயையும் மனத்திற்கொண்டே பேசினர். புறநானூற்றின் 18 ஆம் பாட்டிற் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்குமாறு அறிவுறுத்துவதும் அவ்வுலகத்துக்கு உரியதே. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை வேறு. இது கிணற்றுச் சமூகம். இங்கு நீரை மன்னன் தேக்கித் தரவில்லை. கல்லை உடைத்துக் கீழே இறங்கியவர்கள் அதனைக் கண்டெடுத்தார்கள்.

2

குடாநாட்டின் அடியிற் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த இக்கல் மழைநீரைத் தன்னுள் வாங்கிக்கொள்கின்றது. ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிற் பெய்கின்றது. அம்மழையே ஆண்டு முழுவதுக்குமான நீர். உள்ளே இறங்கும் நன்னீர், கடலிலிருந்து கல்லினூடே புகுந்து கிடக்கும் உவர்நீரின்மேல், அடர்த்தி குறைந்த காரணத்தால், ஒரு வில்லையைப்போல மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராகவும் ஆழம் உவர்நீராகவும் இருப்பதன் விளக்கம் இதுவே. இராமபிரானின் அம்பு அதற்குத் தேவையில்லை.

இவ்வில்லையின் கணிதம் கொடியது. நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடையிலுள்ள அடர்த்தி வேறுபாட்டின் காரணமாக, கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலாளர் கொள்ளும் விதி. வெடிப்புகள் மலிந்த சுண்ணாம்புக்கல்லில் இது அவ்வாறே பொருந்துவதில்லை எனினும் போக்கு அதுவே. மறுபக்கமாகப் பார்த்தால், மேலே ஓரடி நீர்மட்டம் தாழ்ந்தால் கீழிருந்து உவர்நீர் அதனிலும் பன்மடங்கு மேலெழுகின்றது. ஒரு கிணற்றிலிருந்து வேகமாக இறைக்கும்போது அக்கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்பு வடிவிற் கிளம்பும். அதே அளவு நீரை நாள் முழுவதும் சிறிது சிறிதாக எடுத்தால் ஊற்று ஈடுகொடுத்துவிடும். எனவே குடாநாட்டில் எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது என்பதோடு எவ்வளவு விரைவில் எடுக்கப்பட்டது என்பதும் சிக்கனத்தைத் தீர்மானிக்கின்றது. நமது துண்டுப் பிரசுரங்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை.

இன்னொன்றும் இதிலிருந்து பெறப்படும். வளவுக்கு வேலி உண்டு. வில்லைக்கு வேலி இல்லை. வலிகாமத்தின் செம்மண் தோட்டமொன்றில் இறைப்பவரும் அடுத்த வளவிற் குடிக்கும் நீர் அள்ளுபவரும் ஒரே பாத்திரத்திலிருந்தே எடுக்கின்றனர். கிணறு தனிச்சொத்து, நீர் பொதுப்பொருள். இம்முரண்பாடே பின்வரும் பகுதிகளின் விடயம்.

3

துலாவின் காலத்தில் இம்முரண்பாடு மறைந்து கிடந்தது. ஆடுகாலிற் பொருத்திய துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். மற்றொருவர் கிணற்று விளிம்பில் நின்று கொடியைப் பிடித்துப் பட்டையைத் தாழ்த்தி, நிறைந்து வருவதைக் கவிழ்ப்பார். மூன்றாமவர் வாய்க்காலோரம் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். பனையோலைப் பட்டை அளவானது. மனித உடலின் வலுவும் அளவானது. கிணறு ஊறுவதற்கு வேண்டிய இடைவெளியை மிதிப்பவரின் களைப்பே வழங்கியது. அக்காலத்தவர் நீரியல் கற்றிருந்தமையால் வில்லை காப்பாற்றப்பட்டது என்று கூறுவது மிகை. உற்பத்திக் கருவியின் வளர்ச்சி நிலை அதனைக் காப்பாற்றியது.

ஆயினும் விதிகளும் இருந்தன. தோட்டக் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழியும் வாய்க்காலும் தெளிவாக எழுதப்பட்டன. பங்கின் அளவுக்கேற்ப இறைப்பு முறை வகுக்கப்பட்டது. தன் முறையில் அளவுக்கு மீறி இறைத்தவன் அடுத்த பங்காளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தெருவோரக் கேணி, மாடுகள் நீரருந்தும் தொட்டி, அதன் அருகே ஆவுரஞ்சிக் கல், சுமைதாங்கி, மடம் என்று வழிப்போக்கரின் தேவைக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. மழைநீரைத் தடுத்து நிலத்துள் இறக்குவதற்குக் குடாநாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்தன. வீட்டுக் கிணற்றடியிற் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் சென்றது. கழிவுநீரின் மறுபயன்பாடு என்று இன்று கருத்தரங்குகளிற் பேசப்படுவதை நமது தாய்மாரும் பாட்டிமாரும் பெயர் எதுவும் இன்றியே செய்துவந்தனர். குடத்திலும் வாளியிலும் நீர் அள்ளிய உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. தன் கையால் இழுத்தெடுத்த நீரை எவரும் இலகுவில் ஊற்றிவிடுவதில்லை. வீட்டின் சிக்கனம் அவ்வுழைப்பின் மறுபெயராயிருந்தது.

இவ்விடத்தில் நமது பழமைப் பற்றாளர் பெருமூச்சு விடுவது வழக்கம். ‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்கும் கட்டுரைகள் நமது பத்திரிகைகளில் ஏராளம். அவை ஒரு விடயத்தை மாத்திரம் விட்டுவிடுகின்றன. அந்த ஒழுங்கு எவருடைய தோளின்மேல் நின்றது?

தோட்டக் கிணற்றில் துலா மிதித்த கால்களுக்கு வீட்டுக் கிணற்றின் கட்டு விலக்கப்பட்டிருந்தது. பகல் முழுவதும் பிறர் பயிருக்கு நீர் இறைத்த தாழ்த்தப்பட்ட தொழிலாளி, மாலையிற் தன் தாகத்துக்குக் கிணற்றடியிலிருந்து எட்டி நின்று, யாராவது வந்து வார்க்கும்வரை காத்திருக்க வேண்டியவரானார். நீர் பற்றாமையால் அவர் காத்திருக்கவில்லை. கிணறு நிறைந்திருந்தபோதும் காத்திருந்தார். கையில் ஏந்திக் குடித்த நீரின் அளவு சிறிதுதான். அதனைச் சிக்கனம் என்று அழைக்க நமக்கு நாக் கூசுகின்றது. யாழ்ப்பாணத்துச் சொத்துறவுகளை ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமை, சீதனம், முதுசம், முற்கொள்வனவு ஆகியவற்றை விதித்த அதே ஏட்டில் அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. சட்டரீதியான அடிமைமுறை 1844 இல் நீக்கப்பட்டது. கிணற்றடி நீக்கப்படவில்லை. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதனை நடைமுறைக்குக் கொண்டுவர 1966 ஒக்ரோபர் 21 ஆந் தேதியின் ஊர்வலமும், 1967 இல் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன. பாரதத்தில் அம்பேத்கர் 1927 மார்ச் 20 இல் மகாத் நகரின் சவதார்க் குளத்தில் இறங்கி நீர் அருந்தியதற்கு நாற்பது ஆண்டுகளின் பின்னரும் இங்கு நிலைமை அவ்வாறிருந்தது.

நமது முற்போக்கு எழுத்தாளர் இதனை உரிய காலத்தில் உணர்ந்தனர். டொமினிக் ஜீவா 1960 இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதிக்குத் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயரிட்டார். சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது அத்தொகுதி ஏற்படுத்திய சலசலப்பு வெறும் இலக்கியச் சலசலப்பன்று. கே. டானியல் ‘பஞ்சமர்’ வரிசையில் எழுதிய நாவல்களுள் ஒன்றின் பெயர் ‘தண்ணீர்’ என்பதேயாகும். பிரேம்சந்த் இந்தியில் எழுதிய ‘தாக்கூரின் கிணறு’ என்னும் சிறுகதையையும் இவ்வரிசையில் வைத்து நோக்கலாம். இவர்களது படைப்புகளைச் ‘சாதிப் பிரச்சினை இலக்கியம்’ என்று வகைப்படுத்தி ஒதுக்கிவைத்த விமரிசகர்கள், அவை நீர் பற்றிய மிக நுண்மையான சமூக ஆவணங்களும் ஆகும் என்பதைக் கவனிக்கத் தவறினர். ஒரு வளம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதை அளவைத் திணைக்களத்தின் வரைபடம் காட்டாது. கிணற்றடியில் எவர் எங்கே நிற்கின்றார் என்பது காட்டும்.

4

நீரிறைக்கும் இயந்திரம் பரவலாக வந்ததும் பழைய ஒழுங்கின் இரு பக்கங்களும் ஒருங்கே உடையத் தொடங்கின. மூவரின் வேலையை ஒரு மண்ணெண்ணெய் மிசின் செய்தது. துலா மிதித்தவர் விடுதலை பெற்றார்; பல இடங்களில் வேலையையும் இழந்தார். பங்கு முறையின் அவசியம் குறைந்தது. தனிக் கிணறு, பின்னர் குழாய்க் கிணறு, தனி மிசின் என்று நீர் தனியாருடையதாகிற்று. ஊற்று ஈடுகொடுக்கும் இடைவெளியை விதித்துவந்த மனித உடல் நீங்கிய இடத்தில் வேறெந்த விதியும் வைக்கப்படவில்லை.

இதனைக் கமக்காரரின் பேராசை என்று கூறுவது எளிது. ஆயின் சந்தையை மறந்துவிட்டு அவ்வாறு கூறலாகாது. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. கடன்பட்டு மிசின் வாங்கியவர், கூடுதலாக இறைத்துக் கூடுதலாக உரமிட்டுக் கூடுதலாக விளைவித்தார். 1977 இன் திறந்த பொருளாதாரம் அவ்விலையைச் சாய்த்தது. விலை சாய்ந்தபோது இறைப்பு குறையவில்லை. வீழ்ந்த வருமானத்தை விளைச்சலால் ஈடுசெய்ய வேண்டிய சிறு உற்பத்தியாளனுக்கு நிலத்தையும் நீரையும் மேலும் கசக்குவதைவிட வேறு வழி இருக்கவில்லை. 1990 இன் பின் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் அருமையானபோது, மறக்கப்பட்ட துலாக்கள் சில இடங்களில் மீண்டும் எழுந்தன. அதனைச் சூழல் நேயத் திரும்புதல் என்று அன்று எவரும் கொண்டாடவில்லை.

மிகை இறைப்பின் மறுபக்கம் நைத்திரேற்று. செம்மண் நீரை விரைவாகக் கீழே விடும். பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நீர் யூரியாவையும் கரைத்துக்கொண்டு, இறைக்கப்பட்ட அதே கிணற்றின் அடிக்கு மீள்கின்றது. அதனுடன் மலகூடக் குழிகளின் கசிவும் சேர்கின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டமை 1980 களிலேயே ஆய்வாளராற் காட்டப்பட்டுவிட்டது. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இது பாதிக்கும். எனவே தோட்டத்தில் நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுவதென்பது நீரின் அளவைக் காப்பது மாத்திரமன்று. அதன் தூய்மையைக் காப்பதும் அதே செயலே. பாத்திகளைச் சிறிதாக்கல், மாலையில் இறைத்தல், குழை தாழ்த்தி மண்ணின் ஈரப்பிடிப்பைக் கூட்டல், மண்வாய்க்காலுக்குப் பதில் குழாய், இயன்றவிடத்துச் சொட்டுநீர்ப் பாசனம், உரத்தைப் பலமுறையாகப் பிரித்திடல் என்பன கமக்காரர் அறியாதவையல்ல. அவற்றிற்கு முதலும் உழைப்பும் வேண்டும். அவற்றாற் சேமிக்கப்படும் நீரின் பயனோ அயலவனையும் சேர்கின்றது. தனிச் செலவு, பொதுப் பயன். சந்தை இத்தகைய கணக்கை ஒருபோதும் தானாகச் சமன் செய்வதில்லை.

மலகூடக் குழி பற்றியும் ஒரு வார்த்தை. சீதனமாகவும் முதுசமாகவும் வளவுகள் தலைமுறைதோறும் துண்டாடப்படுகின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறும் ஒரு குழியும் தோண்டப்படுகின்றன. சுகாதாரப் பரிசோதகர் கேட்கும் இடைவெளியை அச்சிறு துண்டு தருவதில்லை. நமது குடும்ப அமைப்பு நமது குடிநீருள் இறங்கும் வழி இதுவே. சகோதரிகள் இருவர் அடுத்தடுத்த வளவுகளுக்கு ஒரு கிணற்றையே பொதுவில் வைத்துக்கொள்வதற்குத் தடையாயிருப்பது கல்லன்று, கௌரவம்.

சுன்னாகத்தில் நேர்ந்தது இன்னொரு வகையினது. மின்னுற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த முறைப்பாடு 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரும் மக்கள் போராட்டமாயிற்று. 2019 இல் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பல்லாண்டுகளாகத் தம் கிணற்று நீரைத் துளி துளியாகக் காத்துவந்த இல்லத்தரசிகள் ஒரு காலையிற் போத்தல் நீருக்கு வரிசையில் நிற்க வேண்டியவராயினர். தனிமனிதச் சிக்கனத்தின் எல்லையை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

5

அங்ஙனமாயின் வீட்டிற் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு; ஆயின் அதனை ஒழுக்கமாகக் கருதாமல் நடைமுறையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது கூரை. 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். 1,200 மில்லிமீற்றருக்கு 120,000 லீற்றர். தெறிப்பும் ஆவியாதலும் போக ஐந்தில் நான்கு பங்கு கிடைப்பதாகக் கொண்டாலும் 96,000 லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லீற்றர் வேண்டிய குடும்பத்துக்கு, மாசி முதல் புரட்டாதி வரையிலான எட்டு வரண்ட மாதங்களுக்கு 12,000 லீற்றர் கொள்ளும் சீமெந்துத் தாங்கி போதும். முதல் மழையை வெளியே விட்டுப் பின்னரே தாங்கிக்குத் திருப்ப வேண்டும். தாங்கியை வெளிச்சமும் நுளம்பும் புகாது மூட வேண்டும். எஞ்சிய கூரைநீரை வீதிக்கு விடாமல், மணலும் சரளையும் இட்ட குழியினூடே நிலத்துள் இறக்கலாம். உவர் ஏறிய தீவகக் கிராமங்களில் இது வசதியன்று, உயிர்நாடி. குடிநீருக்காகப் பவுசரை எதிர்பார்த்துக் குடங்களுடன் காத்திருப்போர் இன்றும் பெரும்பாலும் பெண்களே.

இரண்டாவது மலகூடம். நீரூற்றும் தொட்டி ஒரு தடவைக்கு 9 லீற்றர் விடுமாயின் ஐந்து தடவைக்கு 45 லீற்றர். அஃதாவது ஒருவருடைய மலகூட நீர், குடும்பம் முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதற்கு ஏறத்தாழச் சமன். வாளியும் கோப்பையும் நாகரிகக் குறைவு என்று கருதப்பட்டு நீக்கப்பட்டதன் விலை இது. சிறிய தொட்டி அல்லது இருநிலைத் தொட்டி இதனைப் பாதியாக்கும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாமற்போன நீர். மின்பம்பியும் கூரைமேற்றாங்கியும் வந்தபின் நீருக்கும் உழைப்புக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. பெண்களின் தோள்நோவு குறைந்தது என்பதை நாம் மகிழ்வுடன் வரவேற்கின்றோம். துலாவையும் கப்பியையும் மீளக் கொண்டுவரச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒருபோதும் நீர் அள்ளாத ஆண்கள். ஆனால் குளியலறை வீட்டினுள் வந்ததும் கிணற்றடி வாழை காய்ந்தது. சவர்க்கார நீரைக் குழியில் விடும் குழாயைத் திருப்பி மரங்களுக்கு விடுவது ஒரு மேசனின் அரைநாள் வேலை.

வீட்டுக்கு வெளியே, முதலில் நிற்பது குளம். வழுக்கையாறு என்று நாம் அழைக்கும் மாரிகால ஓடை தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அராலி நோக்கிச் சென்று கடனீரேரியிற் கலக்கின்றது. அதன் வழியிலுள்ள குளங்கள் தூர்ந்தும், ஒடுங்கியும், சில இடங்களிற் குப்பைமேடாகியும் உள்ளன. நகரினுள்ளும் குளங்கள் நிரவப்பட்டுக் கட்டடங்கள் எழுந்தன. ஆரியகுளம் 2021 இல் அழகுபடுத்தப்பட்டது. அழகுபடுத்துதல் நன்று; குளத்தின் முதல் வேலை மழைநீரை ஏற்று நிலத்துள் இறக்குவது என்பது நடைபாதைக் கற்களுக்கிடையில் மறக்கப்படாதிருந்தால் இன்னும் நன்று. 2024 நவம்பரிற் குடாநாட்டின் தாழ்நிலங்கள் வெள்ளத்துட் கிடந்தன. ஆறு மாதத்தின் பின் அதே ஊர்கள் தண்ணீர்ப் பவுசரைத் தேடுவது எவருக்கும் வியப்பளிப்பதில்லை.

6

பெருந்திட்டங்கள் பற்றியும் நோக்க வேண்டும். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950 களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் எண்ணம், கடனீரேரிகளைத் தடுப்பணைகளால் நன்னீர்த் தேக்கங்களாக மாற்றிக் கிணறுகளை வளப்படுத்துவதாகும். தொண்டமனாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. திட்டம் முழுமை பெறவில்லை. 2010 இன் பின் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன், இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயிற் கொண்டுவரும் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே நீர் பற்றாதபோது கொடுப்பது எவ்வாறு என்பது அவர்களது கேள்வி. அதனை ஊர்ப்பகை என்றும் நன்றியின்மை என்றும் யாழ்ப்பாணத்துப் பத்தியெழுத்தாளர் சிலர் ஏசினர். நமது நோக்கில் அக்கேள்வி நியாயமானது. தன் காலடியில் உள்ள வில்லையை விதியின்றி உறிஞ்சியும் அழுக்காக்கியும் விட்டு, அயல் மாவட்டத்து உழவனிடம் சிக்கனத்தை எதிர்பார்ப்பது, வசதியுள்ள பகுதி வசதியற்ற பகுதியை நோக்கிக் கையாளும் பழைய முறையே. இறுதியிற் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். மின்சாரத்தைப் பெருமளவில் உண்ணும் அந்நீர் குடிப்பதற்கு உதவும், தோட்டத்துக்கு உதவாது. வில்லை இருந்தவாறே இருக்கும்.

சந்தைவழித் தீர்வொன்றும் முன்வைக்கப்பட்டதுண்டு. 2000 ஆம் ஆண்டில் அமைச்சரவையின் அங்கீகாரம் பெற்ற நீர்வளக் கொள்கை, நீரெடுக்கும் உரிமையைக் கைமாற்றத்தக்க ஒன்றாக ஆக்க முனைந்தது. விலை ஏறினால் வீண்செலவு குறையும் என்பது அதன் தருக்கம். நாடெங்கும் கமக்காரர் அமைப்புகளும் இடதுசாரிகளும் எதிர்த்தமையால் அது கைவிடப்பட்டது. விலையாற் கட்டுப்படுத்தப்படும் நீர், காசில்லாதவனை மீண்டும் கிணற்றடிக்கு எட்டி நிற்கவைக்கும். முன்னர் சாதி செய்ததை இனிப் பணம் செய்யும்.

எஞ்சுவது பங்குக் கிணற்றின் விதியை வில்லையின் அளவுக்கு விரிப்பது. ஓரூரின் தோட்டக் கிணறுகளுட் சிலவற்றை அவதானக் கிணறுகளாகக் கொண்டு மாதந்தோறும் நீர்மட்டத்தையும் உவரையும் அளக்கலாம். உவர்மானி விலை உயர்ந்த கருவியன்று. அளவைச் சனசமூக நிலையத்தின் பலகையில் எழுதலாம். மட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் இறைக்கும் மணித்தியாலங்களைக் குறைப்பதையும், நாள்முறை வைப்பதையும், குடிநீர்க் கிணறுகளை அண்டிய மிசின்களை முதலில் நிறுத்துவதையும் ஊரே தீர்மானிக்கலாம். பிரதேச சபைகளின் துணைவிதிகளும் 1964 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நீர்வளச் சபையின் தொழில்நுட்ப அறிவும் இதற்குத் துணையாக வரவேண்டும்.

சிக்கல் அளவையில் இல்லை. தீர்மானிப்போர் எவர் என்பதிலுள்ளது. இருக்கின்ற கமக்காரர் அமைப்புகள் பயிர்செய்வோரின் அமைப்புகள். காணியற்ற கூலித் தொழிலாளரும், மீள்குடியேறிப் பிறர் கிணற்றில் அள்ளுவோரும், குடிசைக் கைத்தொழில் செய்வோரும், நீரை நாள்தோறும் கையாளும் பெண்களும் அவற்றில் அமர்வது அரிது. அவர்களுக்கு வாக்கில்லாத நீர்க்குழு எவ்வளவு திறமையாக இறைப்பைக் குறைத்தாலும், குறைப்பை முதலில் எவர் தாங்குவர் என்பதை நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆதலால் அங்கத்துவம் காணியையோ கிணற்றுப் பங்கையோ கொண்டன்றி, அவ்வில்லையின்மேல் வாழ்தலைக் கொண்டே வரையறுக்கப்பட வேண்டும். அவ்வாசகம் விதிமுறையின் முதற்பிரிவில் வரவேண்டும். மிசின்கள் எத்தனை மணிக்கு நிறுத்தப்படும் என்பது அடுத்த பிரிவிற்கு உரியது.